மேலாண்மைக் கல்லூரியில் இடம் கிடைக்குமா?

பட்டப் படிப்பின் இறுதியாண்டில் பிள்ளைகள் இருக்கும் இல்லங்களில் இன்று அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "நல்ல மேலாண்மைக் கல்லூரியில் நம் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா?" என்பதே அது. பங்கு இல்லத்துக்கு வந்து கேட்போரும் உளர்; திருப்பலி முடிந்தபின் கோவில் வாசலில் நம்மை நிறுத்திக் கேட்போரும் உளர். கேட்பவர் முகத்தில் நம்பிக்கையும் அச்சமும் கலந்தே காணப்படும்.

இக்கேள்விக்கு இருவகைப் பிழையான விடைகள் நம்மிடையே உலவுகின்றன. "அடுத்த தெருப் பிள்ளைக்குக் கிடைத்ததே, நம் பிள்ளைக்கு மட்டும் கிடைக்காதா?" என்பது ஒன்று. "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு, நமக்கு ஏது?" என்பது மற்றொன்று. முன்னது வீண் நம்பிக்கை. பின்னது வீண் அச்சம். இரண்டிலும் கணக்கு இல்லை. வாய்ப்பு எவ்வளவு என்பதை ஓரளவு கணக்கிட்டே அறியலாம். அக்கணக்கை எவ்வாறு போடுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கதவுகள் எவை?

நாட்டின் முதல் இரு இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கப்பெற்றன. பெங்களூர்க் கழகம் 1973இல் தோன்றியது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் உள்ளன. நம் தமிழகத்தில் திருச்சிராப்பள்ளிக் கழகம் 2011இல் தொடங்கிற்று. இவை அனைத்துக்கும் நுழைவாயில் 'கேட்' எனப்படும் பொதுச் சேர்க்கைத் தேர்வு. ஆண்டுதோறும் நவம்பர் மாத இறுதியில் கணினி வழியாக இது நடைபெறுகிறது. இளநிலைப் பட்டத்தில் ஐம்பது விழுக்காடு பெற்றவர் எவரும் எழுதலாம். அட்டவணைச் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு நாற்பத்தைந்து போதும். இறுதியாண்டு மாணவரும் எழுதலாம். வயது வரம்பு இல்லை.

கேட் மதிப்பெண்ணைக் கழகங்கள் மட்டுமன்றி வேறு பல கல்லூரிகளும் ஏற்கின்றன. தில்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை அவற்றுள் ஒன்று. அங்கே கட்டணம் மிகக் குறைவு என்பதால் போட்டி மிகக் கடுமை.

இயேசு சபையினர் நடத்தும் நிறுவனங்கள் இத்துறையில் முன்னோடிகள் என்பதை நம் குடும்பங்கள் பல அறியா. ஜாம்ஷெட்பூரில் உள்ள சேவியர் நிறுவனத்தை 1949இல் குவின் என்ரைட் என்னும் இயேசு சபைக் குரு தொடங்கினார். அதாவது, அரசு மேலாண்மைக் கழகங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னரே அது தோன்றிவிட்டது. அதன் சேர்க்கைக்கு எக்ஸ்.ஏ.டி. என்னும் தனித் தேர்வு ஜனவரியில் நடைபெறும். சென்னையில் லொயோலா வணிக நிர்வாக நிறுவனம் 1979 முதல் இயங்கி வருகிறது. இவை தவிர, அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' தேர்வு வழியாகத் தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் எம்.பி.ஏ. இடங்கள் நிரப்பப்படுகின்றன.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். திருச்சபை நிறுவனங்களில் பங்குத் தந்தையின் கடிதம் ஒன்று இருந்தால் இடம் உறுதி எனச் சிலர் எண்ணுகின்றனர். திருமுழுக்குச் சான்றும் நன்னடத்தைச் சான்றும் கேட்டால் மகிழ்வோடு தருவோம். ஆனால் எந்தக் கடிதமும் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணைக் கூட்டாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் சேர்க்கை விதிகளை வெளியிடுகிறது. அவற்றைப் படித்துப் பார்ப்பதே முறை.

நூற்றுமானம் என்பது மதிப்பெண் அன்று

தேர்வு முடிவு வெளிவரும்போது பிள்ளைகள் "பெர்சன்டைல்" என்று ஒன்றைச் சொல்வார்கள். புள்ளியியல் நூல்கள் இதனை நூற்றுமானம் என்னும். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினான் எனப் பெற்றோர் இதனைப் பிழையாகப் புரிந்துகொள்வதுண்டு. 90 நூற்றுமானம் என்றால், எழுதியோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இவருக்குக் கீழே உள்ளனர் என்பதே பொருள். அப்படியாயின் மேலே எத்தனை பேர் என்பதன்றோ நாம் கேட்க வேண்டிய கேள்வி?

2024ஆம் ஆண்டுக் கேட் தேர்வை ஏறத்தாழ 2 இலட்சத்து 93 ஆயிரம் பேர் எழுதினர். அக்கணக்கில் 90 நூற்றுமானம் பெற்றவருக்கு மேலே சற்றேறக்குறைய 29,000 பேர் நிற்கின்றனர். 95 பெற்றவருக்கு மேலே 14,600 பேர். 99 பெற்றவருக்கு மேலேயும் 2,900 பேர். எல்லாக் கழகங்களின் முதன்மைப் படிப்புக்கும் சேர்த்து உள்ள இடங்கள் ஐயாயிரத்துக்கு மேல். அவற்றுள் ஒதுக்கீட்டு இடங்கள் 59.5 விழுக்காடு. ஆகப் பொதுப் போட்டிக்கு எஞ்சுபவை இரண்டாயிரத்துக்குச் சற்று மேல். "தொண்ணூறு வாங்கியும் கிடைக்கவில்லையே" என வருந்தும் தந்தைக்கு இந்த எண்களே விடை கூறும். அவர் பிள்ளை சோம்பேறி அல்லன். அவனுக்கு முன் நிற்கும் வரிசை நீளமானது.

அச்சம் தீர்க்கும் எண்ணும் ஒன்று உண்டு. 2024இல் தேர்வு 68 வினாக்கள். மொத்தம் 204 மதிப்பெண். அண்மை ஆண்டுகளில் இம்மொத்தத்தில் பாதிக்கும் குறைவாகப் பெற்றவரே 99 நூற்றுமானத்தை எட்டியுள்ளனர். எல்லா வினாவுக்கும் விடையளிப்பது இங்கே நோக்கம் அன்று. தெரிந்ததைத் தெரிந்தெடுத்துச் செய்வதும், தெரியாததை விடுத்துச் செல்வதுமே திறமை. பள்ளித் தேர்வில் ஒரு வினாவையும் விடாதே என்று பழக்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இது புதிய பாடம். சரியான விடைக்கு மூன்று மதிப்பெண் கூடும். தெரிவு வினாவில் தவறான விடைக்கு ஒன்று குறையும். நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்மூடிக் குறிப்பவருக்குச் சராசரியாக இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையையேனும் தவறென்று ஒதுக்க முடிந்தவருக்குத்தான் துணிவதில் பயன் உண்டு.

தேர்வில் மூன்று பகுதிகள் உள்ளன: ஆங்கில வாசிப்பும் மொழித் திறனும், தரவு விளக்கமும் தருக்கமும், கணிதம். ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம். மொத்தத்தில் உயர்ந்து ஒரு பகுதியில் தாழ்ந்தால் பல கழகங்கள் அழைப்பதில்லை. தமிழ்வழியில் பயின்ற பிள்ளைகள் ஆங்கிலப் பகுதியை எண்ணி நடுங்குவர். 2024இல் அப்பகுதியின் 24 வினாக்களில் 16 வினாக்கள் நீண்ட பத்திகளைப் படித்துப் பொருள் உணர்வதைப் பற்றியவை. இலக்கண விதிகளை உருப்போடுவதைவிட, நாள்தோறும் ஒரு மணி நேரம் நல்ல ஆங்கில ஏட்டைப் படிக்கும் பழக்கமே இங்கே கைகொடுக்கும். அப்பழக்கத்துக்கு ஈராண்டு வேண்டும். இரண்டு மாதத்தில் வாராது.

பழைய மதிப்பெண்களும் பேசும்

கேட் மதிப்பெண் ஒன்றே இடம் தரும் என்று எண்ணுவது பெரும் பிழை. பல கழகங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப் படிப்பு ஆகிய மூன்றின் மதிப்பெண்களையும் கூட்டிப் பார்க்கின்றன. அகமதாபாத்தும் பெங்களூரும் இவ்வழக்கம் உடையவை. பதினைந்து வயதில் எழுதிய தேர்வு இருபத்திரண்டு வயதில் எதிரே வந்து நிற்கிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளை உடைய பெற்றோருக்கும் இக்கட்டுரை உரியதே.

பணி அனுபவத்துக்கு மதிப்பளிக்கும் கழகங்கள் உண்டு. பெண்களுக்கும், பொறியியல் அல்லாத துறையில் பயின்றோருக்கும் கூடுதல் புள்ளி அளிப்பவையும் உண்டு. தேர்வு எழுதுவோரில் பொறியியல் படித்த ஆண்களே மிகுதி என்பதால், வகுப்பறையில் பலதுறையினரும் இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். அகமதாபாத்தில் பட்டப் படிப்பின் துறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் முன்னணியில் நிற்போர் சிலரை அழைக்கும் முறையும் இருந்து வருகிறது. "வெறும் பி.ஏ. தானே", "வெறும் பி.காம். தானே" என்று தம் மகளைத் தாமே குறைத்து மதிப்பிடும் பெற்றோர் இதனைக் கருத்தில் கொள்வாராக.

மற்றொன்று: கழகங்கள் விளம்பரத்தில் குறிப்பிடும் குறைந்த அளவுத் தகுதி வேறு, உண்மையில் அழைப்பு வந்து சேரும் எல்லை வேறு. முன்னது வாசற்படி, அதனைத் தாண்டியவர் எல்லாரும் வீட்டுக்குள் அமர்ந்துவிடுவதில்லை. ஆதலின் சென்ற ஆண்டில் நம் பிரிவினருக்கு எந்த அளவில் அழைப்பு வந்தது என்பதையே விசாரிக்க வேண்டும்.

எந்தப் பிரிவில் போட்டியிடுகிறோம்?

மைய அரசின் கல்வி நிறுவனங்களில் அட்டவணைச் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு என ஒதுக்கீடு உள்ளது. நம் குடும்பங்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுவே.

தமிழக அரசின் பட்டியலில் மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்னும் தனிப் பிரிவு உண்டு. மைய அரசின் ஒதுக்கீட்டில் அப்பிரிவு இல்லை. இருவகையினரும் அங்கே ஒரே பட்டியலில் வருவர். பள்ளியில் காட்டிய சாதிச் சான்றிதழ் இங்கே போதாது. மைய அரசின் படிவத்தில், வசதி படைத்த மேல்தட்டில் சேராதவர் என்பதற்கான சான்றினை வட்டாட்சியரிடமிருந்து தனியே பெற வேண்டும். 2017 முதல் இதற்கான வருமான எல்லை ஆண்டுக்கு எட்டு இலட்சம். இக்கணக்கில் பெற்றோரின் சம்பளமும் வேளாண் வருமானமும் சேரா. இது தெரியாமல் "எனக்குச் சம்பளம் அதிகம், நமக்குக் கிடையாது" என்று கைவிட்ட குடும்பங்கள் உண்டு. எனினும் அரசுப் பணியில் உயர்நிலையில் இருப்போருக்குத் தனி விதிகள் உள்ளன; அவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சான்றிதழின் தேதியும் விதிப்படி அமைய வேண்டும். பழைய சான்றுடன் நேர்முகத்துக்குச் சென்று நின்றால் பயன் இராது.

தலித் கிறிஸ்தவர்களின் நிலை நெஞ்சை வருத்துவது. அட்டவணைச் சாதி என்னும் தகுதியை 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு உரியதாக்கிற்று. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பெற்றது. கிறிஸ்தவருக்கு விரிவாக்கப்படவில்லை. ஆகவே இவ்விளைஞர் 15 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க இயலாது. தமிழக அரசு இவர்களைப் பிற்படுத்தப்பட்டோராகக் கொள்கிறது. மையப் பட்டியலில் தம் பிரிவின் பதிவு எவ்வாறு உள்ளது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்து, உரிய சான்றினைப் பெற்றுக்கொள்ளட்டும். பழங்குடியினருக்கு மதம் தடையன்று.

ஒரு மாணவியின் கணக்கு

இதுவரை கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்ப்போம். ஒரு மாணவி பி.காம். பயில்கிறாள் என்று கொள்வோம். பத்தாம் வகுப்பில் 88, பன்னிரண்டில் 84, பட்டப் படிப்பில் இதுவரை 72 விழுக்காடு. பிற பிற்படுத்தப்பட்டோர் பிரிவு. சான்று கையில் உள்ளது. பத்து மாதிரித் தேர்வுகள் எழுதியிருக்கிறாள். ஒருமுறை 94 நூற்றுமானம் வந்தது. ஏனையவை பெரும்பாலும் 80க்கும் 88க்கும் இடையே.

அவள் எந்த எண்ணைத் தன் எண்ணாகக் கொள்ள வேண்டும்? வீட்டார் 94ஐச் சொல்வர். அது பிழை. கடைசி ஐந்து தேர்வுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வதே நேர்மை. அது 85 என்று கொள்வோம்.

85இல் அகமதாபாத்தும் பெங்களூரும் கல்கத்தாவும் அவளுக்கு எட்டாத கிளைகள். புதிய கழகங்கள் சிலவற்றில் அவள் பிரிவு, அவள் துறை, பெண் என்பதற்கான புள்ளி ஆகியவை சேர்ந்தால் அழைப்பு வரக்கூடும். அது துரட்டி கொண்டு எட்டும் கிளை. தமிழகத்தின் நல்ல தனியார் நிறுவனங்களும் டான்செட் வழிக் கல்லூரிகளும் கைக்கெட்டும் கிளை. மூவகையிலும் சிலவற்றுக்கு விண்ணப்பிப்பதே அறிவுடைமை. எட்டாக் கிளைக்கு மட்டும் விண்ணப்பித்தால் ஓராண்டு வீணாகும். கைக்கெட்டும் கிளைக்கு மட்டும் விண்ணப்பித்தால் பெறக்கூடியதையும் இழப்பாள்.

நான்கு இடங்களிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்து, ஒவ்வொன்றிலும் தேறும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்றால், ஓரிடமேனும் கிடைக்கும் வாய்ப்பு என்ன? நான்கிலும் தோற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 32 விழுக்காடு. ஆக ஓரிடமேனும் கிடைக்கும் வாய்ப்பு 68. கதவுகள் பெருகப் பெருக நம்பிக்கையும் பெருகும் என்பது இதனால் விளங்கும். ஆயினும் இக்கணக்கில் ஒரு மறைவான குறை உண்டு. நான்கு நேர்முகங்களுக்கும் செல்பவள் ஒருத்தியே. தன் பாடத்தைப் பற்றிக் கேட்டால் வாய் திறவாத குறை அவளிடம் இருந்தால், அது நான்கு இடங்களுக்கும் உடன் செல்லும். குறையைக் களைந்தால்தான் கணக்கு மெய்யாகும்.

நேர்முகத் தேர்வு

அகமதாபாத் அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட முறையில், இறுதித் தேர்வுப் புள்ளிகளில் பாதி நேர்முகத்துக்கே உரியது. அதனுடன் சிறு எழுத்துத் தேர்வும் உண்டு. கேட் எழுதி முடித்த அன்றே உழைப்பு முடிந்தது என எண்ணுவோர் இங்கே தடுக்கி விழுகின்றனர்.

பட்டப் படிப்பில் பயின்ற பாடம், நாட்டு நடப்பு, செய்த வேலை, மேலாண்மை ஏன் படிக்க வேண்டும் என்பன போன்ற வினாக்கள் எழும். "சம்பளம் அதிகம்" என்பது போதிய விடையன்று. "அப்பா சொன்னார்" என்பது விடையே அன்று. பங்கில் இளைஞர் குழுவை நடத்தியதும், திருவிழாக் கணக்கை எழுதியதும், மாலை நேரப் பள்ளியில் சிறுவர்க்குக் கற்பித்ததும் உண்மையாக இருப்பின் தயங்காமல் சொல்லத்தக்கவை. ஆளைத் திரட்டுவதும் பணத்தைப் பேணுவதும் மேலாண்மை அல்லாமல் வேறென்ன? செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் இரண்டாவது வினாவிலேயே வெளிப்பட்டுவிடும்.

கடனையும் கணக்கிடுக

அகமதாபாத்தின் ஈராண்டுக் கட்டணம் இருபது இலட்சத்துக்கும் மேல். வீட்டையோ நகையையோ அடகு வைக்குமுன் கணக்கிடுங்கள். இருபது இலட்சம் கடனைப் பத்து விழுக்காடு வட்டியில் பத்தாண்டில் அடைப்பதாயின் மாதம் ஏறத்தாழ 26,400 ரூபாய் கட்ட வேண்டும். முன்னணிக் கழகத்தில் பயின்றவருக்கு இது சுமையாகாமல் போகலாம். பெயரறியாத கல்லூரியில் பாதித் தொகைக்குப் படித்து, மாதம் முப்பதாயிரம் ஊதியத்தில் சேர்பவனுக்கு அது கழுத்தில் கட்டிய கல். இடம் கிடைக்குமா என்று கேட்பதோடு, கிடைத்த இடம் அதன் விலைக்குத் தகுமா என்றும் கேட்பது கடமை.

கல்லூரிகள் "சராசரி ஊதியம்" என்று விளம்பரம் செய்யும். ஒருவர் ஒரு கோடி பெற்றால் சராசரி உயர்ந்துவிடும். எனவே வரிசையில் நடுவில் நிற்கும் மாணவர் பெற்ற ஊதியம் எவ்வளவு என்றும், வேலை பெறாதோர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். சொல்லத் தயங்கும் கல்லூரியை விட்டு விலகுங்கள். இந்திய மேலாண்மைக் கழகங்களில் நன்கொடை இடம் என்று எதுவும் கிடையாது. அப்படி ஒன்று வாங்கித் தருவதாக வருபவர் பணத்துக்கு வருபவரே.

2024 நவம்பரில் மைய அரசு அறிவித்த பிரதமர் வித்யாலட்சுமித் திட்டத்தின்படி, பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் இடம் பெறுவோர் ஈடின்றிக் கடன் பெறலாம். குடும்ப வருமானம் எட்டு இலட்சத்துக்கு மிகாதிருப்பின், பத்து இலட்சம் வரையான கடனுக்குப் படிக்கும் காலத்து வட்டியில் மூன்று விழுக்காடு சலுகையும் உண்டு. கழகங்கள் தாமே வழங்கும் உதவித் தொகைகளும் உள. வறுமை ஒன்றுக்காக எவரும் விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம்.

மீண்டும் எழுதலாமா?

முதன்முறை கிடைக்காவிடில் மீண்டும் எழுதலாம். எத்தனை முறை என்னும் வரம்பு இல்லை. வரம்பு இல்லாமையே சிலருக்குக் கேடாகவும் முடிகிறது. வேலைக்கும் செல்லாமல், பயிற்சி நிலையமே கதியென மூன்று, நான்கு ஆண்டு கழிப்போரைக் காண்கிறோம். நடுநிலை மாதிரி மதிப்பெண் ஆறு மாதத்தில் உயர்ந்திருந்தால் மீண்டும் முயல்வதில் பொருள் உண்டு. உயரவில்லையேல் வேலையில் அமர்ந்து, அங்கிருந்தே எழுதுவது நன்று. அந்த அனுபவமும் பின்னர்ப் புள்ளியாகக் கூடும். வீட்டு அடுப்பும் எரியும்.

பெற்றோரே, ஒரு ஞாயிறு மாலை பிள்ளையோடு அமர்ந்து ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதுங்கள்: மூன்று பழைய மதிப்பெண்கள், கடைசி ஐந்து மாதிரித் தேர்வுகளில் நடுவில் நிற்பது, எந்தப் பிரிவு, சான்று உண்டா என்பது, மூவகைக் கல்லூரிகளின் பெயர்கள், குடும்பம் தாங்கக்கூடிய கடனின் அளவு. எழுதும்போது பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். "எனக்கு இதில் விருப்பம் இல்லை" என்று அவன் சொன்னால் அதனையும் ஆறாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவு எதுவாயினும், உறவினர் கூடும் விருந்தில் அந்த எண்ணைச் சொல்லி ஒருவரை உயர்த்தவும் மற்றொருவரைத் தாழ்த்தவும் வேண்டாம். ஒரு நவம்பர் மாதப் பகலில் இரண்டு மணி நேரம் எழுதிய தேர்வு அது. அந்த அளவுக்கே அதனை மதிப்போமாக.